எவ்வளவு ஆகும், எப்போது முடியும்

கோமதி,

நாளைக் காலை நம்மூர் வண்ணார்பேட்டையில் உன் அலுவலகத்தைத் திறக்கிறாய். கீழே மருந்துக்கடை, மாடியில் நீ. வாசலில் வாழைமரம் கட்ட ஆள் கிடைக்கவில்லை என்று உன் அப்பா காலையிலிருந்து யாரோடோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒற்றை அறைக்கு எதற்கு வாழைமரம் என்று கேட்டேன், அதற்கும் ஒரு சண்டை. இப்போது அவரும் கிளம்பிப் போய்விட்டார். நீ மேசை நாற்காலி ஏற்றப் போயிருக்கிறாய். வீடு கொஞ்சம் ஓய்ந்திருக்கும் இந்த நேரத்தில் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நேரிலேயே சொல்லலாமே என்பாய். நேரில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நாம் இருவரும் குரலை உயர்த்திவிடுவோம், நீ இன்னும் சாப்பிடவில்லை என்பதில் போய்ப் பேச்சு முடியும். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து, கடைக்காரர்களுக்கும் சிறுதொழில் செய்கிறவர்களுக்கும் இணையதளம் செய்து கொடுக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்துக்கொண்டாய். பயம்தான். மாதச் சம்பளத்தில் வளர்ந்த குடும்பம் நம்முடையது. உன் அப்பா பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர், நான் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். ஒன்றாம் தேதியை நம்பியே காலத்தை ஓட்டியவர்கள். இப்போது அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உன் தொழிலில் உனக்குச் சொல்லித்தர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உன்னிடம் வேலை கொடுக்க வருகிறவள் எப்படி யோசிப்பாள், எதற்கு அவசரப்படுவாள், எந்த இடத்தில் எரிச்சல்படுவாள் என்பது தெரியும். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். நம் தெருவில் பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒருவருக்குப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, ஆஸ்பத்திரியில் என்னோடு ஆயாவாக இருந்த இசக்கியை அனுப்பிவைத்தேன். அங்கிருந்து ஒரு வீடு, இன்னொரு வீடு என்று பரவியது. நானும் பெண்களைச் சேர்த்து, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றங்கரை ஊர் ஊராக வளர்ந்தது தொழில். போன வீடுகளில் எல்லாம் ஒரே கதைதான். கட்டிலில் அம்மாவோ அப்பாவோ கிடப்பார்கள். பிள்ளைகள் கடல் தாண்டி இருப்பார்கள்.

காயல்பட்டினத்துக் கமால் அப்படித்தான் வந்தார். துபாயிலிருந்து கூப்பிட்டார். என் நம்பரை அவருடைய உம்மாவின் பக்கத்து வீட்டார் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, உம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு கெடக்கு. நான் இங்கன இருந்துகிட்டு நாள்கணக்கா நெட்டுல தேடுதேன். படமெல்லாம் போட்டு ஜோடிச்சிருந்த ஒரு எடத்துல பணமும் கட்டிட்டேன், ஆள் வரல. நீங்க இந்தா பக்கத்துலதான் இருக்கீய. உங்க பேர எங்கயும் காணோமே அக்கா?"

அவர் குறைசொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். மறுநாள் இசக்கியை பஸ் ஏற்றி அனுப்பினேன். மழைக்காலம் முடிவதற்குள் அந்த உம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடம் வரை நடந்துவிட்டார். ஆனால் கமால் கேட்டது எனக்குள் கிடந்து உறுத்தியது. ஏமாற்றுகிறவன் பெயர் தேடுகிறவர் கைக்கு எட்டுகிறது, என் பெயர் எட்டவில்லை. அந்த வாரமே சென்னையிலிருந்த உன்னைப் போனில் கூப்பிட்டு, ஒரு வெப்சைட் போடணும், எம்புட்டு ஆகும், எப்ப முடியும் என்று கேட்டேன்.

"அத நீதாம்மா எனக்குச் சொல்லணும்" என்றாய்.

பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாய். யார் இதைப் பார்ப்பார்கள், பார்க்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாய், போன் செய்தால் யார் எடுப்பது, அமெரிக்காவில் இருக்கிறவருக்குப் பகல் என்றால் உனக்குத் தூங்கும் நேரமாயிற்றே, தமிழிலா ஆங்கிலத்திலா, எழுதித் தருவது யார், படம் யாருடையது, வேலைக்கு வருகிற பெண்கள் மாறினால் அதை யார் மாற்றி எழுதுவது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. துணியைக் கொடுத்தால் தையல்காரர் கூலியைச் சொல்ல வேண்டும், இதைப் போட்டுக்கொண்டு எங்கே போகப் போகிறாய் என்றா கேட்பார் என்று கத்தினேன். அளவெடுக்காமல் எப்படிம்மா கூலி சொல்ல என்று நீ பதிலுக்குக் கத்தினாய். போனை வைத்துவிட்டோம்.

அப்பாவிடம் படித்த பையன் ஒருவன் வந்தது அப்போதுதான். ஒரு தொகை சொன்னான், பங்குனி உத்திரத்துக்குள் முடித்துவிடுவேன் என்றான். இரண்டு கேள்விக்கும் இரண்டே பதில். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. உள்ளே போட வேண்டியதை எழுதித் தாருங்கள் என்று அவன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கத்தான் செய்தான். நான்தான், உனக்குத் தெரியாததா தம்பி, மற்றவர்கள் போட்டிருப்பதைப் பார்த்து நீயே போட்டுவிடு என்றேன். சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தான். அழகாக இருந்தது. வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி பல்தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு மணி நேரமும் சேவை, தமிழ்நாடு முழுவதும், விண்ணப்பித்த உடனே ஆள் வீட்டுக்கு வரும் என்று எழுதியிருந்தது. கீழே பெயரும் ஊரும் எழுதி அனுப்ப ஒரு பெட்டி. அதில் அனுப்புகிறது ஒரு மின்னஞ்சலுக்கு வரும், அக்கா தினமும் பாருங்கள் என்று சொல்லித்தான் போனான். நான் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. தளத்தை மட்டும் போனில் வைத்துக்கொண்டு, கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். உனக்கும் அனுப்பினேன். நீ "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை போட்டாய். பொறாமை என்று அப்பாவிடம் சொன்னேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் அந்த மனிதரைப் பார்க்கப் போனதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்தில் தனியாக இருந்தவர், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் அமெரிக்காவில். ஒருநாள் காலை, தலையைச் சுற்றுகிறது, நிற்க முடியவில்லை என்று மகனிடம் போனில் சொல்லியிருக்கிறார். மகன் தேடியிருக்கிறான், நம் தளம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெட்டியில் விலாசம் எல்லாம் எழுதி அனுப்பிவிட்டு, ஆள் வருது அப்பா, கதவைத் திறந்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறான். அவர் கதவைத் திறந்துவைத்து நாற்காலியை வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். மகன் பிறகு கூப்பிட்டபோதும் வந்துவிடுவார்கள் என்றே சொல்லியிருக்கிறார், பிள்ளை பதறக் கூடாது என்று. சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் பார்க்கும்போது நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தாராம். தூக்கிக்கொண்டு போய் அம்பாசமுத்திரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கியிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் மகன் தளத்தின் கடைசியில் இருந்த என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். "உடனேன்னு போட்டிருந்ததும்மா, நான் அதை நம்பினேன்" என்று மட்டும் சொன்னான். அப்படியே கிளம்பி பஸ் ஏறினேன். வார்டில் அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது, கோமதி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வாங்கோ, வாங்கோ. நேத்திக்கே வருவேள்னு பையன் சொன்னான். டிகாக்ஷன்கூடப் போட்டு வெச்சிருந்தேன், ஆறிப் போயிருக்கும்" என்றார்.

நான் எத்தனையோ வார்டுகளில் எத்தனையோ பேருக்கு முன்னால் திடமாக நின்றவள். அன்று அவர் காலடியில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர்தான் என்னைச் சமாதானம் செய்தார். ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பையனைக் கூப்பிட்டுத் தளத்தை மூடச் சொன்னேன். அவனும் கலங்கிப்போனான்; அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பிறகு உன்னைக் கூப்பிட்டேன். எவ்வளவு, எப்போது என்று கேட்கவில்லை.

"ஏளா, நீ அன்னைக்குக் கேட்டியே, அதையெல்லாம் திரும்பக் கேளு" என்றேன்.

ஆடியில் நீ லீவு போட்டு ரயிலேறி வந்தாய். சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறப்பாய் என்று பார்த்தால் வெறும் வெள்ளைத்தாளை எடுத்துவைத்தாய். தளத்தின் பெயருக்கு வருஷாவருஷம் கட்ட வேண்டியது, அது இணையத்தில் இருக்கும் இடத்துக்கு வாடகை, வடிவமைப்புக்கு, எழுத்துக்கு, படத்துக்கு, முடிந்த பிறகும் பார்த்துக்கொள்வதற்கு என்று தனித்தனியாக எழுதினாய். முதல் பையன் சொன்ன தொகையைவிட நிறையவே அதிகம். அதுகூடப் பரவாயில்லை. கடைசியில் நேரம் என்று ஒரு வரி எழுதி, அதில் உன் பெயரையும் என் பெயரையும் போட்டாய். காசு கொடுக்கிறவள் நான், என் நேரம் எதற்கு அதில் என்று சிரித்தேன். புரட்டாசியிலேயே உன் வேலை முடிந்துவிட்டது. என் பங்கு முடியத் தை பிறந்தது.

எங்கே போயிற்று அத்தனை மாதம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எங்கெல்லாம் ஆள் அனுப்ப முடியும் என்று நீ கேட்டதற்கு, கூச்சமில்லாமல் தமிழ்நாடு முழுக்க என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. ஏதாவது ஒன்று என்றால் நீயே அன்றைக்கே போய்ச் சேர முடிகிற ஊரா பார் என்றாய். கடைசியில் பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை, ஆற்றின் இரண்டு கரையிலும் பஸ் போகிற ஊர்கள், அதோடு திருச்செந்தூர் பக்கம் என்று நின்றோம். அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வாரம் பிடித்தது. தொழிலையே சுருக்கிவிட்டதுபோல இருந்தது. போன் எடுக்கும் நேரத்தைப் போட்டோம். அதற்கு வெளியே அவசரம் என்றால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டோம். பெட்டி வேண்டாம், போன் மட்டும் போதும் என்று நான்தான் சொன்னேன். எங்களால் முடியாதவை என்று நீ ஒரு பக்கம் வைக்கச் சொன்னபோது, கடையைத் திறந்துவைத்துக்கொண்டு சரக்கு இல்லை என்று போர்டு மாட்டச் சொல்லுகிறாயே என்று சண்டை போட்டேன். ஊசி போட மாட்டோம், சமையல் வீட்டுவேலை செய்ய மாட்டோம், ஒரே ஆளை இராப்பகலாக வைக்க மாட்டோம் என்று எழுத எழுத எனக்கே முதுகு நிமிர்ந்தது. அப்பாவோ ஒற்றுப்பிழை பார்க்கிறேன் என்று தாள்களை எடுத்துக்கொண்டு போய், பராமரிப்பா பேணுதலா என்று ஒரு வாரம் தனக்குள்ளே வாதாடிக்கொண்டிருந்தார். அதுவும் கணக்கில்தான் சேரும்.

படத்தில்தான் நிஜமாக முட்டிக்கொண்டது. வெள்ளைக்காரப் பாட்டி வேண்டாம், நம் பெண்கள் முகம் இருக்கட்டும் என்று எனக்கு ஒரே ஆசை. எல்லோரையும் ஒரே நிறச் சேலையில் வரச் சொல்லிப் படக்காரரையும் ஏற்பாடு செய்தேன். இசக்கி வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"எங்க ஊர்ல இன்னும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போறதாத்தான் சொல்லி வச்சிருக்கேன் அக்கா. ஆம்பளையாளைக் குளிப்பாட்டுதேன்னு தெரிஞ்சா எம் மாமியா ஒரு நாள் வேலைக்கு விடாது. என் சோத்துல மண்ணு விழுந்துரும்" என்றாள்.

நான் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று உன்னிடம் சொன்னேன். நீ ஒப்பவில்லை. அவளாகச் சரியென்று சொல்லாமல் ஒருத்தி முகத்தையும் போட மாட்டேன், அதனால் தாமதமானால் ஆகட்டும் என்றாய். படக்காரருக்குக் கொடுத்த முன்பணம் போனது. கடைசியில் என் முகத்தை மட்டும் போட்டோம். அந்தப் படத்தில் நான் யாரையோ அதட்டப் போகிறவள்போல இருக்கிறேன். அதனால்தான் நம்பிக் கூப்பிடுகிறார்கள் என்று அப்பா சொல்கிறார்.

தளம் வந்த பிறகு ஒரே நாளில் போன் குவிந்துவிடவில்லை. பைய வந்தது. வந்தவர்கள் தெரிந்துகொண்டு வந்தார்கள், அதுதான் வித்தியாசம். நான் செய்ய முடியாததைக் கேட்டு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர்களிடம் நான் முடியாது என்று சொல்ல வேண்டி வரவில்லை. கல்லிடைக்குறிச்சிக்காரர் வீட்டுக்கு இப்போது காலையில் ஒரு பெண் போகிறாள். காபி அவர்தான் போட்டுக் கொடுக்கிறார், அவளைப் போடவிடுவதில்லை. சில மாதம் கழித்து இசக்கி ஒருநாள் மகளோடு வந்து நின்றாள். பத்தாவது படிக்கிற பெண் தளத்தைப் போனில் பார்த்துவிட்டு, எல்லா வேலையும் நீதானே செய்கிறாய், உன் படம் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கே இசக்கி தன் மாமியாரிடம் போய் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். மாமியார், எனக்கு முடியாமப் போனா என்னையும் நல்லாப் பாத்துக்கிடுவேன்னு சொல்லு என்றாராம். "போட்டுருங்க அக்கா" என்றாள் இசக்கி. உனக்குப் படத்தை அனுப்பினேன், அவள் டீ குடித்து முடிப்பதற்குள் ஏற்றிவிட்டாய். அந்தப் படத்துக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்? டீ குடிக்கிற நேரம் என்றா, ஆடியிலிருந்து அந்த நாள் வரை என்றா? இரண்டும் சரிதான். உன் தொழிலில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் இது.

அதனால் சொல்கிறேன், நாளை முதல் உன் மாடிக்கு ஏறி வருகிற அண்ணாச்சிமார் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த இரண்டு கேள்வியையும் கேட்பார்கள். கோபப்படாதே. அவர்களுக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான். நான் எரிந்து விழுந்ததுபோல அவர்களும் விழுவார்கள், வேறு ஆள் சீக்கிரம் முடித்துத் தருகிறான் என்று இறங்கிப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிடாதே, பின்னாலும் ஓடாதே. ஒரு நாள் அவர்கள் கடைக்கே போய் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், இவர் என்ன பதில் சொல்கிறார் என்று பார். எழுத வேண்டியது அங்கேதான் கிடைக்கும். திருவிழாவுக்குள் முடி என்று கேட்டால், உங்கள் பங்கை எப்போது தருவீர்கள் என்று திருப்பிக் கேள், சிரித்துக்கொண்டே கேள். முடித்துக் கொடுத்ததோடு கைகழுவிவிடாதே. சும்மா விட்ட தளம் பூட்டிய கடையைவிட மோசம், வெளியே விளக்கு மட்டும் எரியும், உள்ளே ஆள் இருக்காது. இன்னொன்று, சொந்தக்காரர்கள். உன் பெரியம்மா இப்போதே தன் ஜவுளிக்கடைக்கு ஒன்று போட்டுத் தரச் சொல்லி என்னிடம் அடிபோட்டுவிட்டாள். எனக்குச் செய்தபோது உன் லீவெல்லாம் தீர்ந்து, ஒரு தடவை ரயிலில் காய்ச்சலோடு வந்து இறங்கினாய். மகள்தானே என்று அதை நான் செலவில் சேர்க்கவே இல்லை. நீயும் கேட்கவில்லை. பெரியம்மாவிடம் கேள். கொஞ்சம் குறைத்து வாங்கு, ஆனால் கேள்.

முதல் வருஷம் மெதுவாகத்தான் போகும் என்று எனக்குப் படுகிறது. போகட்டும். வாடகைக்கு முட்டினால் என்னிடம் சொல், மறைக்காதே. ஆனால் அப்படி முட்டாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நேற்று ஒன்று நடந்தது. ஷார்ஜாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஆறுமுகநேரியில் அவள் அம்மாவுக்கு மறதி நோய். எத்தனையோ இடம் பார்த்தாளாம், எல்லோரும் எல்லாம் செய்வோம் என்று போட்டிருக்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் என்னென்ன செய்ய மாட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்துத்தான் கூப்பிட்டேன் என்றாள். அம்மாவைப் பற்றி எல்லாம் பேசி முடித்தோம். திங்கட்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். வைக்கப் போகும்போது, இந்தத் தளத்தைச் செய்து கொடுத்தது யார் என்று கேட்டாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் அடுத்த வருஷம் ஊருக்கே வந்து தூத்துக்குடியில் பேக்கரி வைக்கப் போகிறார்களாம்.

என் மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "வண்ணார்பேட்டையில கோமதின்னு ஒருத்தங்க இருக்காங்க. மொதல்ல கேள்வியா கேப்பாங்க, பொறுமையா பதில் சொல்லுங்க. வேலை சுத்தமா இருக்கும்" என்றேன். உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். நாளைக்குக் கூப்பிடுவாள். திறப்புவிழாக் கூட்டத்தில் போனை எங்காவது வைத்துவிடாதே.

அம்மா